கேள்வி–பதில்: ஹைட்ரஜனில் கிட் திருத்துவது

கேள்வி: பறை ஒலிகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஹைட்ரஜன் என்ற டிரம் மென்பொருளில் அவற்றை ஏற்றப் பார்த்தால் திரையில் எது எதற்கு என்றே பிடிபடவில்லை. ஸ்னேர் டிரம்மை மாற்றப் போனால் கிக் டிரம் மாறிவிடுகிறது.

பதில்: இடது கீழ்ப்பக்கம் வாத்தியப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன அல்லவா, அங்கிருந்து தொடங்குங்கள். அதில் எந்தப் பெயர் தேர்வாகியிருக்கிறதோ அந்த வாத்தியத்தைத்தான் வலப்பக்க எடிட்டர் காட்டும். கிக் மாறியது இதனால்தான். எதைத் தொடும் முன்பும் பெயரை ஒருமுறை கிளிக் செய்து, ஒலியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பெயர்கள் போய் பியானோ கட்டங்கள் தெரிந்தால், பேட்டர்ன் (சிறு தாளத் துண்டு) எடிட்டரின் டிரம்கிட்/பியானோ பொத்தான் அழுந்தியிருக்கிறது. மறுபடி அழுத்தினால் பட்டியல் திரும்பிவிடும். மேலே உள்ள சாங் எடிட்டர் பேட்டர்ன்களைப் பாட்டாகக் கோக்க மட்டுமே. கிட் (வாத்தியங்களின் தொகுப்பு) வேலை முடியும்வரை அதைக் கவனிக்க வேண்டாம்.

வலப்பக்கத்தில் 'ஜெனரல்', 'லேயர்ஸ்' என்று இரண்டு பகுதிகள். சாம்பிள், அதாவது பதிவு செய்த ஒலித்துண்டு, ஏற்றுவது லேயர்ஸில். அடிக்குச்சிக்கும் சிண்டுக்குச்சிக்கும் தனித்தனி வாத்தியம் உருவாக்குங்கள். லேயர் என்பது ஒரே அடியின் பல வேகங்களுக்கானது (வேகம் என்பது இங்கே அடியின் பலம்). இரு குச்சிகளையும் ஒரே வாத்தியத்தில் அடுக்கினால் மெல்ல அடிக்கும்போது சிண்டும் ஓங்கி அடிக்கும்போது அடிக்குச்சியுமாக ஒலித்துத் தாளமே குழம்பும்.

மெல்லிய, நடுத்தர, ஓங்கிய அடிகள் மூன்று இருந்தால் 0–0.35, 0.35–0.7, 0.7–1 என்று லேயர் பட்டைகளின் ஓரத்தை இழுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனில் வேகம் 0 முதல் 1 வரை. மிடியின் (மின்னணு வாத்தியங்களும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) உச்ச அளவான 127 இங்கே 1. நடுவில் இடைவெளி விடாதீர்கள். பழைய பதிப்புகளில் அந்த வேகத்தில் அடித்த அடி ஒலிக்காமலே போகும். புதியவற்றில் பக்கத்து லேயர் ஒலிக்கும். ஒலி ஏன் மாறியது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். பட்டையைக் கிளிக் செய்தால் அந்தச் சாம்பிள் மட்டும் கேட்கும்.

வேகமான உருட்டல்களில் ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப வந்தால் இயந்திரத்தனம் அப்பட்டமாகத் தெரியும். பறைக்கு அது பெரிய குறை. ஒரே பலத்தில் அடித்த மூன்று பதிவுகளை ஒரே வேக எல்லையில் வைத்து, சாம்பிள் தேர்வை 'ரவுண்ட் ராபின்' ஆக்குங்கள், முறைவைத்து ஒலிக்கும். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படியாவிட்டால் இது வேலை செய்யாது.

கேள்வி: திறந்த ஹைஹாட் (இரட்டைத் தட்டுச் சிம்பல்) ஒலி, மூடிய ஹைஹாட்டை அடித்த பிறகும் நீண்டுகொண்டே போகிறதே?

பதில்: ஜெனரல் பகுதியில் 'மியூட் குரூப்' எண் இருக்கும். திறந்தது, மூடியது, பெடல் மூன்றுக்கும் ஒரே எண் கொடுங்கள். அந்தக் குழுவில் ஒன்று ஒலித்தால் முன்னது அடங்கும். கிராஷ் சிம்பலுக்கு அந்த எண் வேண்டாம். அதுவும் நடுவில் அறுந்துவிடும்.

கேள்வி: எலெக்ட்ரானிக் பேடில் ஸ்னேரைத் தட்டினால் வேறு வாத்தியம் ஒலிக்கிறது.

பதில்: ஹைட்ரஜன் பட்டியலின் முதல் வாத்தியத்தை மிடி எண் 36 என்று வைத்து, அடுத்தடுத்தவற்றுக்கு 37, 38 என எண்ணிக்கொண்டு போகும். ஜெனரல் மிடி என்ற பொது எண் வரிசையில் ஸ்னேர் 38. ஆகவே அது பட்டியலில் மூன்றாவதாக இருக்க வேண்டும். பெயரை இழுத்து இடம் மாற்றலாம். மாற்ற விருப்பமில்லையென்றால் அமைப்புகளின் மிடி பகுதியில், வெளியீட்டு எண்ணையே உள்ளீட்டு எண்ணாகப் பயன்படுத்தும் தேர்வை இயக்கி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எண்ணைத் தனியே கொடுங்கள்.

கேள்வி: பாட்டைச் சேமித்தேன். வேறு கணினியில் திறந்தால் என் ஒலிகள் இல்லை.

பதில்: பாட்டுக் கோப்பில் சாம்பிள் இருக்கும் இடம்தான் எழுதப்படுகிறது, ஒலி அல்ல. டிரம்கிட் மெனுவில் 'சேவ் ஆஸ்' கொடுத்துப் புதுப் பெயரில் கிட்டாகச் சேமித்தால் சாம்பிள்களும் அந்தக் கோப்புறைக்குள் நகலாகும். மென்பொருளோடு வந்த கிட்டின் பெயரிலேயே சேமிக்கப் பார்க்காதீர்கள். அவை பொதுவாக எழுத முடியாத இடத்தில் இருக்கும். பிறகு 'எக்ஸ்போர்ட்' செய்து கிடைக்கும் ஒற்றைக் கோப்பை மற்றக் கணினிக்குக் கொண்டுபோய், அங்கே முதலில் கிட்டை இறக்கி, அதன்பின் பாட்டைத் திறவுங்கள்.