பழைய மதர்போர்டிலிருந்து புரொசெசரைக் கழற்றலாமா?

கேள்வி: தொண்ணூறுகளில் அப்பா கொட்டாஞ்சேனையில் கணினி வகுப்பு நடத்தினார். அவர் காலமான பின் பரணில் பதினான்கு பழைய மதர்போர்ட்கள் இருந்தன. 286, 386, 486 என்று புரொசெசர் (கணினியின் மூளையான சிப்) வகையைப் பெட்டிகளில் எழுதி வைத்திருக்கிறார். பழைய சாமான் வாங்குபவர் எல்லாவற்றையும் கிலோக் கணக்கில் எடுக்கிறேன் என்கிறார். தம்பியோ, புரொசெசர்களைக் கழற்றிச் சேகரிப்பாளர்களுக்குத் தனியாக விற்கலாம் என்று ஸ்க்ரூ டிரைவரோடு நிற்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். முதலில் தம்பியிடமிருந்து அந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி வையுங்கள்.

புரொசெசரை விடவும் அவசரமான வேலை ஒன்று உண்டு. அந்தக் காலத்துப் போர்ட்கள் பலவற்றில் கீபோர்ட் செருகும் இடத்துக்கு அருகே நீலம் அல்லது பச்சை நிறத்தில் சிறு பீப்பாய் போன்ற பேட்டரி இருக்கும். 3.6 வோல்ட், நிக்கல் காட்மியம் வகை. வயதானால் அது கசியும். கசிந்த காரம் செப்புத் தடங்களை அரித்துத் தின்றுவிடும். வெள்ளவத்தையின் கடல் காற்று அதற்கு இன்னும் கை கொடுக்கும். இன்றே அந்தப் பேட்டரிகளின் கால்களை நறுக்கி, பேட்டரியை முழுதாக எடுத்துவிடுங்கள். கசிந்த இடத்தைச் சிறிது வினாகிரியில் நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு சுத்தமான தண்ணீரால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள்.

இனிப் புரொசெசர். போர்ட் நல்ல நிலையில் இருந்தால் கழற்றாதீர்கள். சேகரிப்பவர் தேடுவது அந்தக் காலத்துக் கணினியை மறுபடி இயக்கிப் பார்ப்பதற்கு. புரொசெசர், அதற்கு உதவும் வேக நினைவகமான கேஷ் சிப்கள், கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல் உள்ள பயோஸ் சிப் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும் போர்டை அவர் தயங்காமல் வாங்குவார். கழற்றிய சிப் வேலை செய்யுமா என்று காட்ட உங்களிடம் வழியில்லை. சிப் இல்லாத போர்டை உயிர்ப்பித்துக் காட்டவும் வழியில்லை. ஒரு நல்ல பொருளை இரண்டு சந்தேகப் பொருள்களாக ஆக்கிவிடுவீர்கள்.

ஈயத்தால் பற்றவைத்த சிப்பை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். 386 எஸ்எக்ஸ், ஏஎம்டி நிறுவனத்தின் 40 மெகாஹெர்ட்ஸ் 386 போன்றவை பெரும்பாலும் தட்டையாகப் போர்டிலேயே ஒட்டியிருக்கும். சூடு காட்டி எடுத்தால் மயிரிழை போன்ற கால்கள் வளைந்துவிடும், போர்டும் கெடும். அந்த சிப்பைத் தனியாகக் கேட்டு வருபவரும் மிகக் குறைவு.

பழையது என்பதாலேயே எதுவும் அரிதாகிவிடாது என்பதையும் மனதில் வையுங்கள். 386 வெளிவந்தது 1985இல். இயந்திரங்களுக்குள் பொருத்துவதற்காக இன்டெல் அதை 2007 வரை தயாரித்துக்கொண்டிருந்தது. ஆகவே உலகில் அது ஏராளம். தம்பியின் கணக்கு இங்கேதான் பிழையாகிறது.

கழற்ற வேண்டிய தருணமும் ஒன்று இருக்கிறது. பேட்டரி அரித்த போர்ட், உடைந்த போர்ட், தடங்கள் அறுந்த போர்ட் ஆகியவற்றில் சொக்கெட்டில் செருகியிருக்கும் புரொசெசரை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கிலோக் கணக்கில் கொடுத்தால் அதையும் வெறும் போர்ட் விலைக்குத் தூக்கிக் கொடுத்தவர் ஆவீர்கள். வாங்குபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சிப்போடு கிலோ என்ன விலை, சிப் இல்லாமல் என்ன விலை?" அந்த இரண்டு விலைக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் அவருடைய ஆதாயம் இருக்கிறது.

எடுக்கும் விதம் முக்கியம். பிந்திய 486 போர்ட்களில் சொக்கெட்டின் ஓரத்தில் சிறு நெம்புகோல் இருக்கும்; அதை உயர்த்தினால் சிப் தானாகவே இளகும். நெம்புகோல் இல்லாத சொக்கெட்டில் நான்கு பக்கமும் மாறி மாறி, ஒவ்வொரு தடவையும் மயிரளவு மட்டும் தூக்குங்கள். கணினிப் பெட்டியின் பின்புறத்தில் காலி இடைவெளிகளை மூடும் அந்த ஒல்லியான தகடு இதற்கு ஸ்க்ரூ டிரைவரை விட நல்லது. நான் ஒரு 486ஐ ஒரே மூலையில் நெம்பி, அதன் பீங்கான் உடலை விரியவிட்டவன். அந்தச் சத்தம் கேட்ட பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. 168 ஊசிகளில் ஒன்று முறிந்தாலும் கதை அதுதான்.

எடுத்ததும் ஊசிகளை அலுமினியத் தாளில் பொதிந்து வையுங்கள். ரெஜிபோமில் குத்தி வைக்காதீர்கள். அதில் சேரும் நிலைமின்சாரம் சிப்பைக் கொன்றுவிடும். பயோஸ் சிப்பின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தையும் உரிக்க வேண்டாம். சிலவற்றில் அதன் அடியில் கண்ணாடிச் சாளரம் உண்டு. நாட்கணக்கில் வெயில் பட்டால் உள்ளே பதிந்துள்ள நிரல் அழிந்துவிடும்.

கேள்வி: பழைய புரொசெசர்களில் தங்கம் இருக்கிறதாமே? செட்டியார் தெருவில் தெரிந்த பத்தர் ஒருவர் மூலம் அமிலத்தில் போட்டுப் பிரிக்கலாம் என்று மாமா சொல்கிறார்.
– வாசகர், கிராண்ட்பாஸ்

பதில்: தங்கம் இருப்பது உண்மை. ஊசிகளிலும் சில பீங்கான் சிப்களின் மேல்மூடியிலும் மெல்லிய முலாமாக இருக்கிறது. 1995இல் வந்த பென்டியம் புரோ என்ற புரொசெசரை உலகெங்கும் பழைய சாமான் வியாபாரிகள் தேடுவது அதற்காகத்தான். ஆனால் கையில் ஐந்தாறு சிப்களை வைத்துக்கொண்டு அமிலம் வாங்கப் போவது வீண் வேலை.

வீண் என்பதோடு முடிந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். நைட்ரிக் அமிலத்தில் உலோகம் கரையும்போது எழும் பழுப்புப் புகை நுரையீரலைத் தாக்கும். மூச்சு முட்டல் சில மணி நேரம் கழித்தே வரக்கூடும். அதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றே நினைப்பீர்கள். மீதியாகும் கரைசலில் செம்பும் ஈயமும் இருக்கும், அதை எந்தக் கானிலும் ஊற்ற முடியாது. கிராண்ட்பாஸ் போல வீடுகள் நெருங்கிய இடத்தில், குழந்தைகள் நடமாடும் முற்றத்தில் இதைச் செய்யவே கூடாது. மாமாவிடம் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள்.

விற்க முடியாத போர்ட்களையும் நறுக்கி எடுத்த பேட்டரிகளையும் குப்பையோடு சேர்க்காமல், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். அனுமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.