சிறிய ரகப் பன்றிகளைப் புல்வெளியிலும் மரங்களுக்கு அடியிலும் மேயவிட்டு வளர்க்க முடியுமா? நிலம் பாழாகிவிடாதா?

முடியும். ஆனால் எல்லாப் பன்றியையும் அப்படி வளர்க்க முடியாது. எனக்குத் தெரிந்தது குனெகுனெ ரகம் மட்டும். அதை வைத்தே சொல்கிறேன்.

நான் நியூசிலாந்தில் வைக்காட்டோ பக்கம் ஒரு பால் பண்ணையில் வேலை செய்கிறேன். வீட்டை ஒட்டி இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் ஏழு வருடமாக இந்தப் பன்றிகளை வளர்க்கிறேன். இப்போது தாய்ப்பன்றி இரண்டு, காயடித்த ஆண் ஒன்று, போன வசந்தத்தில் பிறந்த குட்டிகள் நான்கு.

குனெகுனெ என்றால் மாவோரி மொழியில் உருண்டு கொழுத்தது என்று பொருள். நம் 'கொழுகொழு' மாதிரியே அதுவும் இரட்டைச் சொல். தோள் உயரம் சுமார் 60 செ.மீ. உடம்பு முழுக்க முடி. பலவற்றுக்கு மோவாய்க்குக் கீழே, வெள்ளாட்டின் கழுத்தில் தொங்குமே, அதுபோல இரண்டு சதைக் குஞ்சம் இருக்கும். இங்கே அதைப் பிரிபிரி என்பார்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு வேண்டியது மூஞ்சி. அது குட்டையாக, மேல்நோக்கி மடங்கியிருக்கும். நீள மூக்குப் பன்றி மண்ணை உழுதுகொண்டே போகும். இது தலையைக் குனிந்து புல்லைக் கடித்து இழுக்கும். அதிகாலையில் வேலியோரம் நின்றால் மாடு மேய்கிற அதே சரக் சரக் சத்தம் கேட்கும்.

இந்த ரகம் இன்று இருப்பதே பெரிய விஷயம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திமிங்கில வேட்டைக்காரர்களோ வணிகர்களோ ஆசியாவிலிருந்து கொண்டுவந்தவற்றின் வழி என்கிறார்கள். மாவோரி ஊர்களில் கறிக்காகவும் கொழுப்புக்காகவும் வளர்த்தார்கள். 1970களின் கடைசியில் கலப்பில்லாதவை ஐம்பதுக்குள் சுருங்கிவிட்டன என்று கணித்தார்கள். 1978இல் வனவிலங்குப் பூங்கா நடத்திய மைக்கேல் வில்லிஸ், ஜான் சிமிஸ்டர் என்ற இருவர் தேடித் திரட்டி, ஆறு பெண், மூன்று ஆண் பன்றிகளை அடிப்படையாக வைத்து இனத்தைப் பெருக்கினார்கள். 1992இல் பிரிட்டனுக்குப் போனது, பிறகு அமெரிக்காவுக்கும். என் வாசலில் நிற்பவை அந்த ஒன்பதின் வாரிசுகள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இனி நிலம் பாழாகுமா என்ற கேள்வி.

முதல் குளிர்காலத்தில் நானே பாழாக்கினேன். ஜூலை மாதம் (இங்கே பருவங்கள் தலைகீழ், ஜூலைதான் குளிர்காலம்), ஓயாத மழை, களிமண் நிலம். ஒரே அடைப்பில் மூன்று வாரம் விட்டுவிட்டேன். புல் வளர்வது கிட்டத்தட்ட நின்றுபோயிருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த இடம் சேறாகி, வசந்தத்தில் புல்லுக்குப் பதிலாகக் களைதான் முளைத்தது. திரும்ப விதைத்துச் சரிசெய்ய ஒரு வருடம் ஆயிற்று.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது இது: குனெகுனெ மண்ணைக் கிளறத் தொடங்கினால் ஒரு காரணம் இருக்கும். புல் தீர்ந்திருக்கும், அல்லது மழையில் மண் இளகி உள்ளே புழு இருப்பது அதற்கு வாசம் அடித்திருக்கும், அல்லது தாதுச் சத்துக் குறைவு. நான் தினமும் பார்ப்பது பன்றியை அல்ல, அதன் காலடி மண்ணைத்தான். ஓர் உள்ளங்கை அளவு கிளறல் தெரிந்தால் அன்றே அடுத்த அடைப்புக்கு மாற்றிவிடுவேன். இரண்டு ஏக்கரை ஆறாகப் பிரித்திருக்கிறேன். 'பத்து நாளுக்கு ஒருமுறை மாற்று' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. அக்டோபரில் புல் பொங்கி வரும்போது மூன்று வாரம்கூடத் தாங்கும், ஜூலையில் நான்கு நாள் தாங்காது. அடைமழை வாரங்களில் மேய்ச்சலே கிடையாது. ஒரு மேட்டு அடைப்பில் வைக்கோல் பரப்பி, காய்ந்த புல்லைப் போட்டு நிறுத்திவிடுவேன்.

வேலிக்கு மின்கம்பி. இங்கே இது வீட்டுக்கு வீடு உண்டு. இங்கே வைக்காட்டோவின் ஹாமில்டன் நகரில் பில் கல்லகர் என்பவர் 1930களில் செய்த மின்வேலிதான் இந்த நாட்டின் மேய்ச்சல் முறையையே மாற்றியது. ஊரில் மின்வேலி என்றதும் சாவுச் செய்தி நினைவுக்கு வரும். நான் சொல்வது வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவதை அல்ல. அதற்கென்று உள்ள கருவி, நொடிக்கு ஒருமுறை போல, சுரீரென்று ஒரு துடிப்பை மட்டும் அனுப்பும். பன்றிக்கு இரண்டு கம்பி போதும், ஒன்று மூக்கு உயரத்தில். புதிதாக வந்த குட்டிக்கு முதலில் பழக்க வேண்டும். கம்பிக்குப் பின்னால் பலகைத் தடுப்பு வையுங்கள். ஏனென்றால் மூக்கில் சுட்டதும் பன்றி பின்வாங்காது, முன்னால் பாய்ந்து ஓடிவிடும்.

தீனியில் நான் செய்த தப்பு அடுத்தது. கடைத் தீவனம் வேகமாக வளரும் கறிப்பன்றிக்காகச் செய்தது. அதைத் தட்டு நிறையக் கொடுத்தேன். தாய்ப்பன்றி கொழுத்து, இமை மேல் சதை தொங்கிக் கண் மறைத்துவிட்டது. குட்டி போட்டபோது குட்டிகளின் மேலேயே படுத்து இரண்டைக் கொன்றுவிட்டது. அந்தக் காலை எனக்கு மறக்காது. இப்போது வசந்தத்திலும் கோடையிலும் பெரியவற்றுக்குக் குளோவர் என்ற தீவனச் செடி கலந்த ரைகிராஸ் புல்தான் முக்கியத் தீனி, கூப்பிட்டால் வருவதற்கு ஒரு கைப்பிடி தீவனம். குளிர்காலத்தில் காய்ந்த புல்லோடு அரைக் கிலோ. ஆனால் வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இப்படிக் குறைக்கவே கூடாது. பன்றிக்கு மாட்டைப் போல அசைபோடும் வயிறு கிடையாது. புல்லை மட்டும் கொடுத்தால் அவை மெலியும்.

சமையலறை மிச்சம் போடலாமா என்று பலர் கேட்பார்கள். கறி பட்ட எதையும் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் கொதிக்கவைக்காமல் பன்றிக்குக் கொடுப்பது இங்கே சட்டப்படி குற்றம். கால்நடை நோய் பரவும் வழி அது. நான் அந்தப் பக்கமே போவதில்லை.

மரநிழலுக்கு வருகிறேன். பன்றிக்கு வியர்க்காது என்றே சொல்லலாம். வெயிலில் நிழலும் சேற்றுக் குழியும் இல்லாவிட்டால் தவித்துப்போகும். ஊரில் அது சாக்கடையில் நிற்கிறதென்றால் நிழலும் ஈரமும் அங்கேதான் கிடைக்கிறது. என் அம்மா முதலில் போனில் "பன்னி மேய்க்கவாடா அவ்ளோ தூரம் போன?" என்று அழாத குறை. 'பன்றியோடு சேர்ந்த கன்றும்' பழமொழி வேறு. பிறகு ஓர் ஏப்ரலில் வந்து ஒரு மாதம் இருந்தார். வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஆட்டுக்குட்டி மாதிரியில்ல மேயுது, அதுவும் படுக்கிற எடத்துல ஒரு அசிங்கம் பண்ணல பாரு" என்றார். ஃபெய்ஜோவா பழம் உதிரும் காலம் அது. தினமும் ஒரு கூடை பொறுக்கி அவர்தான் போட்டார்.

இலையுதிர் காலத்தில் ஓக் மரத்தடியைத் திறந்துவிடுவேன். ஓக் கொட்டை மாட்டுக்கும் குதிரைக்கும் நஞ்சு, பன்றிக்கு விருந்து. இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காட்டில் இதற்காகவே இன்றும் ஒவ்வோர் ஆண்டும் சில வாரங்கள் ஊர்ப் பன்றிகளை விடுகிறார்கள். ஆனால் மரமிருக்கிறதே என்று இயற்கைக் காட்டுக்குள் விட்டுவிடாதீர்கள். எங்கள் எல்லையில் கஹிகாட்டியா என்ற இந்நாட்டு மரங்களின் சின்னத் தோப்பு ஒன்று மிஞ்சியிருக்கிறது. அதன் இளங்கன்றுகளைப் பன்றி ஒரு வாரத்தில் தின்றும் மிதித்தும் முடித்துவிடும். அதற்குத் தனி வேலி போட்டு, உள்ளே எந்தக் கால்நடையையும் விடுவதில்லை. இளம் பழமரங்களுக்கும் தண்டைச் சுற்றிக் கூண்டு வேண்டும், உடம்பைத் தேய்த்தே பட்டையை உரித்துவிடும்.

கறிக்கு என்றால் பொறுமை வேண்டும். கறிப்பன்றி ஆறு மாதத்தில் எட்டும் எடையை இது எட்ட ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அப்போதும் கொழுப்பு அதிகம். வருடத்துக்கு ஒன்றை வீட்டுக்காக வெட்டுகிறோம். அது என் கையில் தின்ற பன்றி, அந்த நாள் எளிதாக இருப்பதில்லை. இப்படி வீட்டில் வெட்டிய கறியை விற்க இங்கே அனுமதி இல்லை. இதில் லாபம் பார்க்க நினைத்தால் வேறு ரகத்தைப் பாருங்கள்.

ஆரம்பிக்கிறவர் ஒற்றைப் பன்றி வாங்காதீர்கள், அது துணையில்லாமல் ஏங்கும். பால் மறந்த குட்டிகள் இரண்டு, ஒரே ஈற்றில் பிறந்தவையாக, வசந்தத்தில் வாங்குங்கள். தாய் தகப்பனை நேரில் பார்த்து மூஞ்சி குட்டையா என்று சரிபாருங்கள். கலப்பில் பிறந்து மூக்கு நீண்டதைக் குனெகுனெ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். வேலியும் கூரையும் தண்ணீர்த் தொட்டியும் குட்டிகள் வருவதற்கு முன்பே தயாராக இருக்கட்டும்.