ஆங்கிலத்தில் 'ஓன்' (own) என்ற சொல்லுக்கு என்னென்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது?

'சொந்தம்', 'சொந்தமாக வைத்திருப்பது' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அதன் பிறப்பு அவ்வளவு சுவாரசியமானது என்பதால் அதைத்தான் முதலில் சொல்ல ஆசை.

பழைய ஆங்கிலத்தில் 'ஆகன்' என்றொரு வினைச்சொல் இருந்தது. ஒன்றை உடையவராக இருப்பது என்று பொருள். அதன் எச்ச வடிவமான 'ஆகென்' தேய்ந்துதான் இன்றைய 'ஓன்' ஆயிற்று. ஜெர்மன் மொழியின் 'ஐகன்' இதற்கு உடன்பிறப்பு.

அதே 'ஆகன்' நேராக இன்னொரு சொல்லாகவும் வளர்ந்தது: 'ஓவ்' (owe). இன்று அதற்குக் கடன்பட்டிருப்பது என்று பொருள். உடைமை எப்படிக் கடனாயிற்று? 'செலுத்தவேண்டியதை வைத்திருக்கிறான்' என்ற மாதிரியான தொடர்களில் அந்த வினை புழங்கியது. நாளடைவில் 'செலுத்தவேண்டிய' என்ற பகுதியின் பொருளையும் வினையே உள்வாங்கிக்கொண்டது. 'செய்தாக வேண்டும்' என்று கடமையைச் சொல்லும் 'ஆட்' (ought) என்பதும் இதே வினையின் இறந்தகால வடிவம்தான். உடைமை, கடன், கடமை மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 18ஆம் சானட்டில் (பதினான்கு வரிக் கவிதை) 'ஓவ்' பழைய பொருளிலேயே வருகிறது: 'உனக்கு உரிய அழகு'. அங்கே கடன் என்று பொருள்கொண்டால் அந்த வரியே கெட்டுவிடும்.

இன்னும் பின்னோக்கிப் போனால், மொழியியலாளர்கள் இந்த வேரை சமஸ்கிருதத்தின் 'ஈச' என்பதோடு இணைக்கிறார்கள். உடையவன், தலைவன் என்று பொருள். நாம் சொல்லும் ஈசன், ஈஸ்வரன் எல்லாம் அந்த வழி வந்தவை.

மற்ற பொருள்கள்: 'ஓன் அப்' என்றால் செய்த தவறை ஒப்புக்கொள்வது. 'ஆன் மை ஓன்' என்றால் தனியாக, பிறர் துணையின்றி. வீடியோ கேம் ஆடுபவர்கள் எதிராளியைப் படுதோல்வி அடையச் செய்வதையும் 'ஓன்' என்பார்கள்.

பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெயரடையாக வரும் 'ஓன்' தனியே நிற்காது. யாருடையது என்று முன்னால் சொல்ல வேண்டும். 'ஐ ஹாவ் ஓன் ஹவுஸ்' என்பது பிழை. 'ஐ ஹாவ் மை ஓன் ஹவுஸ்' அல்லது 'எ ஹவுஸ் ஆஃப் மை ஓன்' என்பதே சரி. அதேபோல் 'ஐ ஆம் ஓனிங் எ கார்' என்றும் சொல்லக் கூடாது, 'ஐ ஓன் எ கார்' போதும்.