மரம் கரையில், மீன் கடலில்

கேள்வி: ஐயா, நம் பர்மாவின் ஐராவதி டெல்டாவில் அலையாத்திக் காட்டை வெட்டியதால் மீன் குறைந்தது என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். மரம் நிற்பது கரைச் சேற்றில், மீன் இருப்பது கடலில். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? நான் சந்தையில் மீன் வாங்குவதோடு சரி, சேற்றில் இறங்கியதில்லை.
(வாசகர், தாம்வே, யாங்கோன்)

பதில்: தம்பி, சேற்றில் இறங்கியிராவிட்டால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன். என் அப்பா டெல்டாவிலுள்ள பொகலேயில் நெல் வியாபாரம் செய்தார். சம்பான் என்னும் சிறு படகில் நானும் கூடப் போவேன். கடல்நீர் வடியும் வற்றத்தில் மாட்டினால் சம்பான் சேற்றில் உட்கார்ந்துவிடும். நீர் மறுபடி ஏறும் அடுத்த ஏற்றம் வரும்வரை வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. மரத்திலிருந்து பழுத்த இலை ஒன்று விழும். கொஞ்ச நேரத்தில் ஒரு நண்டு வந்து அதைக் கௌவி வளைக்கு இழுக்கும். இலை வாசலில் சிக்கிக்கொள்ளும். நண்டு விடாது, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, கடைசியில் காம்புப் பக்கமாக உள்ளே வாங்கிவிடும்.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்த இலையில் இருக்கிறது. நண்டு தின்றது போக மிச்சம் சேற்றில் அழுகும். அழுகலில் நுண்ணுயிர்கள் பெருகும். அதைப் புழுவும் இறால் குஞ்சும் தின்னும், அவற்றை மீன் குஞ்சு தின்னும். வரி இறாலைப் பாருங்கள். தாய் முட்டையிடுவது வெளிக்கடலில். குஞ்சு ஏற்றத்தோடு காட்டுக்குள் ஓடும் உப்பங்கழிக்குள் வந்து வேர்களுக்கு நடுவே வளரும். பெரிய மீன் அந்த வேர்ச் சிக்கலுக்குள் சுலபமாக நுழைய முடியாது. உடம்பு தேறியதும் இறால் கடலுக்குத் திரும்பிவிடும். வலை விழுவது அங்கே, வளர்ந்தது இங்கே. கொடுவா மீன் குஞ்சும் இந்தக் கழிகளில் திரிவதுதான்.

ஐராவதி டெல்டாவில் 1978இல் சுமார் 2,600 சதுர கிலோமீட்டர் இருந்த இந்தக் காடு, 2011இல் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. பெரும்பகுதி நெல்வயலாகப் போனது. விறகும் கரியும் வேறு. எங்கள் வீட்டில் நெல் காசில்தான் சாப்பிட்டோம், அடுப்பும் டெல்டாக் கரியில்தான் எரிந்தது. ஆகவே யாரையும் கைநீட்டிப் பேச எனக்கு வாய் வராது. ஆனாலும் மேற்குக் கரையில் அரக்கான் பக்கத்து இறால் குட்டைகளை நினைத்தால் சிரிப்பு வருகிறது. மதகைத் திறந்து, ஏற்றத்தோடு வரும் குஞ்சுகளை உள்ளே அடைத்து வளர்ப்பார்கள். குஞ்சை அனுப்புவது காடு, குட்டைக்காக வெட்டுவதும் அதே காட்டைத்தான்!

கேள்வி: காடு முழுசாக இருந்திருந்தால் நர்கிஸ் புயலில் எல்லாரும் பிழைத்திருப்பார்களா?
(வாசகி, பியாப்போன்)

பதில்: இல்லை அம்மா. 2008 மே 2 இரவு சில இடங்களில் கடல் 12 அடி உயரத்துக்கு உள்ளே வந்தது. அத்தனை தண்ணீரை எந்த மரமும் நிறுத்தாது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 1,38,000 பேர். ஆனால் நெருக்கமாக நிற்கும் காடு அலையின் வேகத்தை உடைக்கும். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடியும்வரை தாக்குப்பிடித்தவர்கள் பலர். வெட்டவெளி வயலில் பிடிக்க என்ன இருக்கிறது?

கேள்வி: நாங்கள் நட்ட கண்டல் (அலையாத்திக் காட்டு மரம்) கன்றுகள் எல்லாம் பட்டுப்போயின. என்ன தப்பு?
(இளைஞர் குழு, பொகலே)

பதில்: இடம் தப்பாக இருக்கலாம். எந்நேரமும் தண்ணீர் மூடிக்கிடக்கும் சேற்றில் ஊன்றினால் கன்றுக்கு மூச்சு முட்டும். வற்றத்தில் தரை தெரிய வேண்டும். அலையாத்திக் காட்டில் நிற்கும் சுரபுன்னையின் விதை தாய் மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போலத் தொங்கும். அதைப் பறித்து நேராகச் சேற்றில் குத்தலாம். பக்கத்தில் மெயின்மஹ்லா தீவு இருக்கிறது, உலக முக்கியத்துவமுள்ள சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2017இல் சேர்ந்தது. எந்த மரம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அங்கே ஒருமுறை பார்த்துவிட்டு நடுங்கள். முதலை உண்டு, கரையில் இறங்க வேண்டாம். அப்புறம், நம் சிதம்பரத்துத் தில்லை மரம் அங்கேயும் உண்டு. பக்தியில் கிளையை ஒடித்துவிடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.