மச்சானுக்கு வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, உங்களுக்குத் தவணை

கேள்வி: தாம்பரத்தில் தனியார் வேலை, சம்பளம் 32,000 ரூபாய். மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கிய 3 பைக்குகள் முடிச்சூர் பக்கம் தலா 22,000-க்குக் கிடைக்கிறதாம். சர்வீஸ் செய்து 40,000-க்கு விற்கலாம், உங்கள் பெயரில் கடன் ஆப்பில் 80,000 எடுத்துக் கொடுங்கள் என்கிறான் மனைவியின் தம்பி. போன வருடம் அவனுக்காக என் பெயரில் வாங்கிய போனுக்கே இன்னும் நான்தான் தவணை கட்டுகிறேன். ஆப் கடனா, நகைக்கடனா, எது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம். வட்டி எங்கே குறைவு என்று கேட்கிறீர்கள். போன் தவணையை ஏன் நீங்கள் கட்டுகிறீர்கள் என்பதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது.

சரி, மச்சானின் கணக்குக்கே வருவோம். மூன்று வண்டி 66,000, சர்வீஸ் 12,000, விற்பனை 1,20,000, லாபம் 42,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூழ்கிய வண்டிக்கு வாட்டர் வாஷும் ஆயில் மாற்றமும் போதாது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் போயிருந்தால், யாராவது ஸ்டார்ட் செய்து பார்த்த அன்றே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியென்றால் இசியு என்ற இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், சென்சார், வயரிங் எல்லாம் உண்டு. வயர்கள் சேரும் கனெக்டருக்குள் அரிப்பால் பச்சை பூப்பது ஓரிரு மாதம் கழித்துத்தான் தெரியும், அதாவது நீங்கள் விற்ற பிறகு. வாங்கியவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்.

இன்ஜின் பிரித்து வேலை பார்க்க 7,000, வயரிங், சென்சாருக்கு 9,000, ஸ்டார்ட்டர் மோட்டார், பேட்டரிக்கு 3,000 என்று வையுங்கள். வண்டிக்கு 19,000, மூன்றுக்கு 57,000. 80,000 கடனுக்கு 24 சதவீத வட்டியில் 12 மாதம் சுமார் 7,570 தவணை; பிராசசிங் கட்டணமும் சேர்த்துக் கடனின் செலவு மட்டும் 13,000 சொச்சம். வண்டி விலையும் ரிப்பேரும் சேர்த்து மொத்தம் 1,36,000. மூன்றும் சொன்ன விலைக்கே போனாலும் 16,000 நஷ்டம். இதில் இன்னொன்று: வண்டி வாங்கியது போக கையில் 14,000-தான் மிஞ்சும். மீதி ரிப்பேர் பணத்துக்கு யாரிடம் வருவார் என்று நினைக்கிறீர்கள்?

இவ்வளவு மலிவாக ஏன் விற்கிறார்கள் என்று கேட்டீர்களா? தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருந்தவருக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது, அதனால் தள்ளிவிடுவார். முழு இன்சூரன்ஸ் இருந்து, ரிப்பேர் செலவு ஐடிவியில் (இன்சூரன்ஸில் வண்டிக்குக் குறித்த மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டியதால் ‘டோட்டல் லாஸ்’ என்று பணம் வாங்கிக்கொண்ட வண்டியாகவும் இருக்கலாம். ஆர்சியில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றாதீர்கள். பிறகு நீங்கள் விற்கும்போது பெயர் மாறாமல் கைமாறி, நாளை விபத்து நடந்தால் நஷ்டஈட்டு நோட்டீஸ் ஆர்சியில் உள்ள உங்கள் பெயருக்குத்தான் வரும்.

ஐந்து நிமிடத்தில் பணம் வரும் ஆப்களைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. யோசிக்க நேரம் கொடுக்காததுதான் அவற்றின் வியாபாரமே. நகைக்கடனில் வட்டி குறையும், உண்மைதான். ஆனால் திருப்ப முடியாமல் போனால் ஏலத்துக்குப் போவது உங்கள் மனைவியின் வளையல்.

மனைவியிடம் முதலில் பேசுங்கள். மறுப்பு உங்கள் இருவர் வாயிலிருந்தும் ஒன்றாக வரட்டும். மச்சானுக்கு உதவியே ஆக வேண்டுமென்றால் சேமிப்பிலிருந்து 10,000 கொடுங்கள், திரும்பி வராது என்று நினைத்தே கொடுங்கள். அதில் வண்டி வாங்க முடியாது என்பார். ஆனால் மெக்கானிக் கடையில் ஆறு மாதம் வேலை கற்றுக்கொள்ளும்போது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஆகும். அப்புறம், அந்த போன் தவணை இன்னும் எத்தனை பாக்கி என்று எழுதவில்லையே? அடுத்த மாதத்திலிருந்து அதை அவரே கட்டட்டும்.