பயிற்சி கவுன்சிலர்களுக்கான சூப்பர்விஷனில், அதாவது அவர்கள் நடத்திய செஷன்களை மூத்த கவுன்சிலரோடு அலசிப் பார்க்கும் நேரத்தில், மதம், ஆன்மிகம் பற்றிப் பேசலாமா?

பேசியே ஆக வேண்டும் என்பேன். நம் ஊரில் கோயில், தர்கா, ஜெபக்கூட்டம் என்று அலைந்துவிட்டு, கடைசியாகத்தான் பலர் நம்மிடம் வருகிறார்கள்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மா. என்னிடம் பயிற்சியில் இருந்த தம்பி எழுதி வந்த செஷன் குறிப்பில் அவர் பேச்சு இப்படி இருந்தது: “இருபது வருசமா சமயபுரத்துக்குப் பூத்தட்டு எடுத்தேன். ஆத்தா என்னக் கைவிட்டுட்டா.” அதற்குத் தம்பி கேட்டது, “ராத்திரி தூக்கம் எப்படி இருக்கும்மா?”

“இந்த இடத்துல ஏன்ப்பா தூக்கத்துக்குத் தாவின?” என்றேன்.

“எனக்கு சாமி நம்பிக்கை இல்ல மேடம். ஏதாவது சொன்னா பொய்யாயிடும்னு பயந்துட்டேன்.”

நேர்மையான பயம்தான். ஆனால் சாமி உண்டா இல்லையா என்று அந்த அம்மா கேட்கவே இல்லையே! மகனும் போய், அழுவதற்கென்று இருந்த ஆத்தாவும் போய் நின்றார்.

என் பக்கமும் பிசகு உண்டு. நான் பக்தி உள்ளவள். அதே குழுவில் ஒரு மாணவி க்ளையண்டைக் கண்மூடிச் சாமி கும்பிடச் சொன்னதாகச் சொன்னபோது எனக்கு அது உறுத்தவே இல்லை. க்ளையண்ட் கேட்டாரா, நீயாகச் சொன்னாயா என்று அன்றே விசாரித்திருக்க வேண்டும். அதனால் இப்போதெல்லாம் முதல் நாளே என் நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். எந்த மதப் பேச்சு வந்தால் உங்களுக்குப் பதற்றம் வருகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்.

கேள்வி எப்படிக் கேட்பது என்று தடுமாறுபவர்களுக்கு, கிறிஸ்டினா புசால்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் 1996-ல் வகுத்த ஃபிகா முறை உதவும். நம்பிக்கை என்ன, அது எவ்வளவு முக்கியம், கூட இருக்கும் சமூகம் எது, சிகிச்சையில் அதற்கு என்ன இடம், அவ்வளவுதான்.

தர்காவை நம்பி மனநோயாளிகளை அழைத்து வரும் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதைச் சொல்லி, தர்காவுக்கே போகாதே என்று க்ளையண்டைத் தடுக்கும் மாணவர்களும் உண்டு. அதே ஏர்வாடியில் பிறகு துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கொடுக்கும் ‘தவா-துவா’ திட்டம் வந்ததையும் அவர்களுக்குச் சொல்வேன். தர்காவுக்குப் போகட்டும், மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது.

அந்தத் தம்பி அடுத்த செஷனில், “ஆத்தா மேல கோவமாம்மா?” என்று மட்டும் கேட்டாராம். பூ எடுத்துப் போன பித்தளைத் தட்டு மகன் வாங்கித் தந்தது என்பதையும், அதைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டதையும் அந்த அம்மா அன்றுதான் சொன்னார்.