அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது யார்?

கேள்வி: எனக்கு 38 வயது. சிம்ம லக்னம், விருச்சிக ராசி, கேட்டை நட்சத்திரம். தாயைக் குறிக்கும் நான்காம் இடத்தில் தேய்பிறைச் சந்திரன், அதுவும் நீசம், அதாவது பலமிழந்த நிலை. சின்ன விஷயத்துக்கும் அழுகை வந்துவிடும். கோபம் வந்தால் நாள்கணக்கில் போகாது. அம்மா என்னை ஒருநாளும் கட்டிப்பிடித்ததில்லை, ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. தம்பி ரிஷப ராசி, உச்ச சந்திரன். அவனுக்கு அம்மா என்றால் உயிர். ஜோதிடர் 'தாயால் சுகமில்லை' என்கிறார், முத்து மோதிரம் போடச் சொல்கிறார். சந்திராஷ்டம நாட்களில் அம்மாவின் போனை நான் எடுப்பதே இல்லை. ஜாதகம் தப்பாக இருக்க வாய்ப்பில்லை. பிரசவ வலியிலும் அம்மாவே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, மாலை 6.22 என்று நர்ஸிடம் சொல்லி எழுத வைத்தாராம். அம்மாவிடமிருந்து ஒதுங்கி இருப்பதுதான் எனக்கு நல்லதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீச சந்திரனையும் அம்மாவையும் முடிச்சுப் போட்ட கடிதங்கள் என் மேஜையில் எப்போதும் நாலைந்து கிடக்கும். படித்ததும் மடித்து வைத்துவிடுவேன். உங்களுடையதை மடிக்க முடியாமல் செய்தது அந்தக் கடிகாரம். ஜாதகம் சரி என்று எனக்கு நிரூபிப்பதற்காகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு, நீங்கள் பாட்டுக்குத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

பிள்ளை வெளியே வந்த நிமிஷத்தில் பெற்றவளுக்கு மணி பார்க்கவா தோன்றும்? அழுததா, கை கால் சரியாக இருக்கிறதா, அதுதான் மனசில் ஓடும். உங்கள் அம்மா தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு விடவில்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறார். இந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு ஜாதகம் எழுதுவோமே, அது பிசகிவிடக் கூடாதே என்று அத்தனை வலியிலும் ஒரு கவலை. கட்டிப்பிடிக்கத் தெரியாதவர் என்கிறீர்கள். இருக்கட்டும். இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

அந்த 6.22-க்கு என்ன மதிப்பு என்று சொல்கிறேன். சந்திரன் ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டேகால் நாள் ஆகும். நேரம் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் நீங்கள் விருச்சிகம்தான். லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசி, அப்படியில்லை, சுமார் 2 மணி நேரத்துக்கு ஒன்று மாறிவிடும். மூன்றாம் இடம், நாலாம் இடம் என்று எண்ணுவது அதிலிருந்துதான். உங்கள் அம்மா மறந்துபோய், நாலரை மணி இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தால் கடக லக்னம், சந்திரன் ஐந்தில். எட்டு மணி என்றிருந்தால் கன்னி லக்னம், சந்திரன் மூன்றில். நாலில் நீச சந்திரன் என்ற பேச்சே எழுந்திருக்காது. அம்மாவின் மேல் நீங்கள் கொடுக்கும் புகாருக்கு இருக்கிற ஒரே சாட்சி, அம்மாவின் வார்த்தை!

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 'விடிய இன்னும் நேரம் இருந்தது' என்பதுதான் என் பிறப்பைப் பற்றி வீட்டில் கிடைத்த ஒரே குறிப்பு. அதற்குள் மூன்று லக்னம் அடங்கும்.

சரி, சந்திரனுக்கு வருவோம். சாஸ்திரம் சந்திரனை மனோகாரகன் என்கிறது, மாத்ருகாரகன் என்றும் சொல்கிறது. மனசுக்கும் தாய்க்கும் ஒரே கிரகம். அம்மா செய்தது எவ்வளவு, அதை நம் மனசு வாங்கிக்கொண்ட விதம் எவ்வளவு என்று அந்தக் கட்டத்தை வைத்துப் பிரிக்க முடியாது. உங்கள் தம்பியையே பாருங்கள். அவன் கட்டத்தில் உச்சம், உங்கள் கட்டத்தில் நீசம், பெற்றவள் ஒருத்திதானே? நீங்கள் பிறந்த அந்த இரண்டேகால் நாளில் பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் சந்திரன் நீசம்தான். அத்தனை அம்மாக்களும் கல்நெஞ்சக்காரிகளா?

அப்புறம், நீசம் என்று பயமுறுத்தியவர் பாகையை (டிகிரியை) பார்த்தாரா? சந்திரனுக்குப் பரம நீசம், நீசத்தின் அடி ஆழம், விருச்சிகத்தில் 3-ஆவது பாகை. கேட்டை தொடங்குவதே 16 பாகை 40 கலையில். ஆழத்தைத் தாண்டி வெகுதூரம் வந்தாயிற்று. செவ்வாய் எங்கே நிற்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. விருச்சிகத்துக்கு அதிபதி செவ்வாய். லக்னத்துக்கோ சந்திரனுக்கோ கேந்திரத்தில், அதாவது 1, 4, 7, 10-ஆம் இடங்களில், நின்றால் நீசபங்கம், நீசம் கழிந்தது என்பார்கள். போதாததற்குச் சிம்ம லக்னத்துக்கு நாலுக்கும் ஒன்பதுக்கும் உடைய யோககாரகன். தாய் ஸ்தானத்தின் சாவியே உங்கள் லக்னத்துக்கு நல்லது செய்யக்கூடிய கிரகத்தின் கையில் இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சந்திரனுக்குரிய முத்து வேறு! உங்கள் லக்னத்துக்குச் சந்திரன் பன்னிரண்டுக்கு உடையவர், விரயாதிபதி, அதாவது செலவுக்கும் இழப்புக்கும் அதிபதி. அவருக்கு எதற்கு பலம் ஏற்ற வேண்டும் என்று மோதிரம் போடச் சொன்னவரிடம் கேளுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது போன் விஷயத்தில். விருச்சிகத்துக்கு எட்டாமிடம் மிதுனம். சந்திரன் அங்கே இருக்கிற இரண்டேகால் நாள் உங்களுக்குச் சந்திராஷ்டமம். வாயை அடக்கு, வம்புக்குப் போகாதே, பெரிய முடிவு எடுக்காதே என்று பெரியவர்கள் சொன்னது உங்களுக்காக, உங்கள் நாக்குக்காக. பெற்றவளை மணி அடிக்க விட்டு வேடிக்கை பார் என்று எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது? மனசு கலங்கியவர்கள் தேதி பார்த்துக் கலங்க மாட்டார்கள். நீங்கள் மாதாமாதம் நாள் குறித்து ஒருவரைத் தண்டிக்கிறீர்கள். சந்திராஷ்டமம் முடிந்த மறுநாளாவது நீங்களாகத் திருப்பிக் கூப்பிட்டதுண்டா? கடிதத்தில் அதுவும் இல்லை.

அடித்தார், பட்டினி போட்டார், படிக்க விடவில்லை என்று ஒரு வரி இருந்திருந்தால், விலகிவிடுங்கள் என்று நானே எழுதியிருப்பேன். அப்படி எதுவும் இல்லை. பாராட்டாத வருத்தம் நிஜம், 38 வயதிலும் வலிக்கும். அதற்காக ஒதுங்கி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கும் சம்மதம் என்னிடம் கிடைக்காது. பெற்றவர்கள் தளர்ந்துபோகும் வயதில் பழைய பாக்கியை எடுத்துக்கொண்டு உட்காருவது எனக்குப் பிடிக்காது. பழைய காலத்து ஆள் என்று திட்டிவிட்டுப் போங்கள். உயிர் என்று இருக்கும் தம்பி பார்த்துக்கொள்வான் என்பதும் பதில் ஆகாது. நர்ஸிடம் எழுத வைத்தது உங்கள் நேரத்தையும்தான்.

அடுத்த முறை சந்திரன் மிதுனத்துக்கு வரும்போது போனை எடுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் கடிகாரத்தைப் பற்றிக் கேளுங்கள். எந்தச் சுவரில் இருந்தது, பார்க்க ஏன் தோன்றியது என்று. அப்படியே அவருடைய ராசி, நட்சத்திரம் என்ன என்றும் கேட்டு வையுங்கள். உங்கள் கடிதத்தில் மூன்று பேர் வருகிறீர்கள், ஜாதகம் இரண்டு பேருக்குத்தான் இருக்கிறது. உங்கள் அம்மா பிறந்தபோது யாராவது மணி பார்த்திருந்தால், அந்த நேரத்தை எனக்கும் எழுதுங்கள். செவ்வாய் எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்து.